ஈரல் கொழுப்பு முதல் கீழாநெல்லி வரை: கேள்வி பதில்

முக்கூடல்: அண்ணாச்சி, அம்மாவுக்கு 52 வயசு. நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுத்துதாவ. ஸ்கேன்ல கொழுப்பு ஈரல் கிரேடு 2-ன்னு எழுதியிருக்காவ. முத்திப் போச்சா? ரத்தத்துல ஈரல் என்சைம் எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 1,80,000.

கிரேடு என்பது ஸ்கேன் திரையில் ஈரல் எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது என்பதைத்தான் சொல்கிறது. பின்னால் ஆபத்து வருமா என்பதைத் தீர்மானிப்பது ஈரலில் விழுந்த தழும்பு. கிரேடு 1-லும் தழும்பு முற்றியிருக்கலாம், கிரேடு 3-லும் இல்லாமல் இருக்கலாம்.

தழும்பைக் கணிக்க நீங்கள் எழுதிய எண்களே போதும். ஃபிப்-4 என்று பெயர். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 52 × 48 = 2496. எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலம் 8. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுக்கணும், அதாவது 180. 180 × 8 = 1440. 2496-ஐ 1440-ஆல் வகுத்தால் 1.73.

1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 65 வயது தாண்டியவர்களுக்கு இந்த எல்லை 2. மதிப்பு 2.67-க்கு மேலே போனால் ஈரல் மருத்துவரைப் பார்த்தே ஆகணும். அம்மா நடுவில் இருக்கிறார், அடுத்தது ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன்.

இதில் இரண்டு இடத்தில் தப்பு நடக்கும். எஸ்.ஜி.ஓ.டி.யையும் எஸ்.ஜி.பி.டி.யையும் இடம் மாற்றிப் போடுவது ஒன்று. டெங்கு மாதிரி காய்ச்சலில் எடுத்த ரத்தத்தை வைத்துக் கணக்குப் போடுவது இன்னொன்று. அப்போது பிளேட்லெட் இறங்கி எஸ்.ஜி.ஓ.டி. ஏறியிருக்கும், இல்லாத தழும்பு இருப்பதாகக் காட்டும். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு நம்பகமில்லை.

அம்பாசமுத்திரம்: ஃபைப்ரோஸ்கேனுக்கு வெறும் வயித்துல போகணுமா?

3 மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல் போங்கள். சாப்பிட்டதும் ஈரலுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்ந்து, விறைப்பு அளவு பொய்யாக ஏறும். மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, விலா எலும்பு இடுக்கில் 10 அளவாவது எடுப்பார்கள். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் நிம்மதி, 12-க்கு மேல் என்றால் கவனம். உடல் பருத்தவர்களுக்கு எக்ஸ்.எல். புரோப் என்ற பெரிய அளவுகருவி வேணும். அது அங்கே இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பாளையங்கோட்டை: ஈரல் கொழுப்புக்குப் புது மருந்து வந்திருக்காமே, வாங்கலாமா?

ரெஸ்மெடிரோம் மாத்திரைக்கு 2024 மார்ச்சிலும், வாரம் ஒரு ஊசியான செமாகுளுடைடுக்கு 2025 ஆகஸ்டிலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டுமே அழற்சியோடு நடுத்தரம் முதல் முற்றியது வரை தழும்பு இருந்து, இன்னும் சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பேறிச் சுருங்குவது) ஆகாதவர்களுக்கு. வெறும் கிரேடு 1-க்கு அல்ல. ரெஸ்மெடிரோம் சோதனையில் 52 வாரத்தில் தழும்பு ஒரு படி குறைந்தது சுமார் 25 சதவீதம் பேருக்கு. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 14 சதவீதம். முன்னேற்றம்தான், ஆனால் நாலில் ஒருவருக்கு.

எடை குறைப்பின் பலன் இதைவிடப் பெரிது. 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தால் கொழுப்பு இறங்கும். 6 கிலோவுக்கு அழற்சி அடங்கத் தொடங்கும். 8 கிலோ குறைத்தால் தழும்பே பின்வாங்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே மாதத்தில் குறைக்கப் பார்க்காதீர்கள், பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் விழும்.

உடன்குடி: கருப்பட்டிக் காப்பி குடிக்கலாமா அண்ணாச்சி?

காப்பி ஈரலுக்கு நல்லது. கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ், சீனியிலும் அதேதான். ஈரல் இரண்டையும் பிரித்துப் பார்க்காது.

மேலப்பாளையம்: வயித்துப் புண்ணுக்கு ஹெச். பைலோரி கிருமின்னு 14 நாள் மருந்து தின்னாச்சு. போயிட்டான்னு எப்படித் தெரியும்?

மருந்து முடிந்து 4 வாரம் கழித்து யூரியா மூச்சுச் சோதனையோ மலப் பரிசோதனையோ செய்யணும். பான்டோபிரசோல் மாதிரி அமில மாத்திரையை அதற்கு 2 வாரம் முன்பே நிறுத்துங்கள். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது வீண், கிருமி செத்த பிறகும் பாசிட்டிவ்தான். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி பெருகிவிட்டது, அதனால் இப்போது பிஸ்மத் சேர்ந்த நாலு மருந்துக் கூட்டு. அதிலுள்ள டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கினால் உடம்பில் சேராது.

வள்ளியூர்: தம்பிக்கு மஞ்சக் காமாலை. கீழாநெல்லி குடுத்தா போதும்னு வீட்ல சொல்லுதாவ.

கீழாநெல்லியை நம் ஊர் ஆய்வாளர்களே முறையாகச் சோதித்தார்கள். 1988-ல் சென்னை ஆய்வில் ஹெபடைடிஸ் பி கிருமி தங்கிய 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அது திரும்பக் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கும், பேர் மூலிகைக்குப் போகும். சீந்தில் பொடி வேண்டவே வேண்டாம். கொரோனா காலத்தில் அதைத் தின்று ஈரல் கெட்டு வந்தவர்களை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

முதலில் எந்தக் காமாலை என்று பாருங்கள்: பிலிருபின் (காமாலை மஞ்சள் நிறமி), எஸ்.ஜி.பி.டி., ஐ.என்.ஆர். (ரத்தம் உறையத் தாமதமாகிறதா என்பதன் அளவு), ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ. பி, சி இரண்டுக்கும் 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். சி என்றால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேல் குணம். பி என்றால் வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் பார்த்து, கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடணும்.

ஐ.என்.ஆர். 1.5 ஆனாலோ, தம்பி பகலில் தூங்கி ராத்திரி முழிச்சிருந்தாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கள்.