முதல் ஒரு நிமிடம்

வணக்கம் சார்,

டெக்னோ என்ற கிளப் நடன இசை பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துவிட்டு, ஒரு கிளப் டீஜே புதிதாக வெளியிட்டிருக்கும் ரெக்கார்டைக் கேட்டேன். நான்கு டிராக். குறை சொல்லப் போவதால் பெயரைப் பொதுவில் போடவேண்டாம், இணைப்பைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். முதல் டிராக்கில் ஒரு நிமிடம் வரை 'டம் டம்' தவிர வேறொன்றும் இல்லை. அப்புறம் 'ட்ஸ் ட்ஸ்' என்று ஏதோ சேர்கிறது. ஏழு நிமிடம் கழித்து மறுபடியும் வெறும் 'டம் டம்'. மெட்டு கிடையாது, குரல் கிடையாது. போனில் இரண்டு முறை போட்டேன், இரண்டு முறையும் தூங்கிவிட்டேன். கடைசி டிராக் மட்டும் ஏறி ஏறிப் போய் வெடிக்கிறது, அதுவும் சினிமா டிரெய்லர் மாதிரி. மெஷினைத் தட்டிவிட்டு மனிதர் எழுந்து போய்விட்டாரோ என்று சந்தேகம். இதில் நல்லது கெட்டது எப்படிப் பிரிக்கிறீர்கள்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கேட்டேன். ஹெட்போனில் ஒரு தடவை, பெரிய ஸ்பீக்கரில் ஒரு தடவை.

போனில் கேட்டதுதான் முதல் சிக்கல். இந்த வகை இசையில் கிக்கின், அதாவது அந்த 'டம்'மின், கனமெல்லாம் 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். போன் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. உங்களுக்குக் கிடைத்தது வெறும் தோல், சதை முழுக்க விட்டுப்போயிற்று. தூக்கம் வந்ததில் வியப்பில்லை.

சரி, அந்த முதல் ஒரு நிமிடம். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், 58 விநாடி. நிமிடத்துக்கு 132 தாள அடி வேகத்தில் ஓடுகிற டிராக் அது. நான்கு நான்கு அடியாக எண்ணினால் சரியாக 32 சுற்று வரும். இன்னொரு டீஜே தான் ஓட்டிக்கொண்டிருக்கும் ரெக்கார்டோடு இதை ஒட்டிச் சேர்ப்பதற்காக அந்த 32 சுற்றைக் காலியாக விட்டுவைத்திருக்கிறார். கடைசியில் வரும் வெறும் 'டம் டம்' கூட அதே காரணத்துக்குத்தான். துணியைத் தைக்கும்போது ஓரத்தில் மடிக்க இடம் விடுவார்களே, அதுபோல. நீங்கள் மடிப்பை மட்டும் விரித்துப் பார்த்துவிட்டு பூ வேலையைக் காணோமே என்கிறீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டீஜேவின் பின்னால் நின்று ஒரு மணி நேரம் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு டெக்னிக்ஸ் எஸ்எல்-1200, ரெக்கார்டைச் சுழற்றும் தட்டுகள். ஒரு தட்டு கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று அவருடைய ஒரு காதில் மட்டும். வலது பக்கம் ஒரு நகர்த்தி, வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். அவர் அதை நகத்தளவு தள்ளினார். இரண்டாவது தட்டு இம்மி பிந்தியது. விரல் நுனியால் தட்டின் விளிம்பை லேசாக முன்னால் தள்ளிவிட்டார். ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஒன்றின் பேஸை, அதாவது கீழ் ஒலியை, இறக்கி அதே நொடியில் மற்றதின் பேஸை ஏற்றினார். ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த இரண்டு நிமிடம் அங்கே ஒலித்த இசை எந்த ரெக்கார்டிலும் கிடையாது. உங்களுடைய 58 விநாடி அங்கே போய்ச் சேரவேண்டிய சரக்கு.

'திரும்பத் திரும்ப' என்ற புகாருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், எனக்குப் பிடித்த கணக்கு. நிமிடத்துக்கு 33⅓ சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 133⅓ அடி என்று தாளத்தை வைத்தால், ஒரு சுற்றில் மிகச் சரியாக நான்கு அடி அடங்கும். ரெக்கார்டில் ஊசி ஓடும் பள்ளத்தின் முனையை அதன் தொடக்கத்திலேயே கொண்டுபோய் முட்டவிட்டால், ஊசியை யாராவது தூக்கும்வரை அந்த நான்கு அடி ஓடிக்கொண்டே இருக்கும். டெட்ராய்ட் டீஜே ஜெஃப் மில்ஸ் 1994ல் இப்படி மூடிய பள்ளங்களை வெட்டி ஒரு ரெக்கார்டே வெளியிட்டார். 1.8 விநாடியை வைத்து ஒருவரை எவ்வளவு நேரம் நிற்கவைக்க முடியும் என்று பார்க்கிற துணிச்சல் அது.

மெஷினைத் தட்டிவிட்டுப் போவது பற்றி. இந்த 'டம்' பெரும்பாலும் ரோலண்ட் டிஆர்-909 என்ற தாள இயந்திரப் பெட்டியின் குரல், அல்லது அதன் நகல். 1983ல் வந்தது, சந்தையில் போணியாகவில்லை, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். பழைய பொருளாக மலிவாகக் கிடைத்தபோது டெட்ராய்ட், சிகாகோ இளைஞர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்று டெட்ராய்டை ஒட்டிய ஊரில் ஒரே பள்ளியில் படித்த மூன்று கறுப்பினப் பையன்கள் வளர்த்த இசை இது. 1988ல் ஒரு பிரிட்டிஷ் இசைத் தொகுப்பின் தலைப்பில் ஏறியபோதுதான் டெக்னோ என்ற பெயர் உலகத்துக்குப் போனது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு அந்த ஊரில் 1991ல் ஒரு பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பெட்டக அறையில் ட்ரெசோர் கிளப் திறந்து, டெட்ராய்ட் டீஜேக்களை அழைத்து வாசிக்கவைத்தது. இது தனிக் கதை, இன்னொரு நாள்.

இனி நல்லது கெட்டது. முதல் டிராக்கில் 33வது சுற்றில் அந்த 'ட்ஸ்' நுழைகிறதல்லவா? கவனியுங்கள், அது சரியான இடத்தில் விழவில்லை, மயிரிழை பிந்தி விழுகிறது. இடுப்பு அசைவது அந்தப் பிந்தலால்தான். மூன்றாவது நிமிடத்தில் ஒரே ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்), மூடிய கதவுக்குப் பின்னால் ஒலிப்பதுபோல் மங்கலாக வருகிறது. கதவு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு திறக்கிறது. முழுதாகத் திறப்பதற்கு முன்பே சாத்திவிடுகிறார். மெஷினைத் தட்டிவிட்டு எழுந்து போன ஆள் அங்கே கையை நிறுத்தியிருக்க மாட்டார். இரண்டாவது டிராக்கும் மோசமில்லை. மூன்றாவது இடத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான்.

ஒரு காரியம் செய்யுங்கள். நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு முதல் டிராக்கை ஓடவிடுங்கள். அது முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, இன்னொரு செயலியில் இரண்டாவது டிராக்கைத் தொடங்குங்கள். இரண்டுக்கும் ஒரே வேகம்தான். முதல் ஐந்து தடவை தாளம் இடறும், குதிரை நொண்டுவதுபோல் கேட்கும். ஆறாவது தடவை ஒட்டினால் எழுதுங்கள்.

கடைசி டிராக் பற்றி நீங்கள் சொன்னது சரி. டிரெய்லரேதான். நானும் பாதியில் நிறுத்திவிட்டேன்.