இருவருக்கும் சம்பளம் வருகிறது, கிரீன் கார்டு இருக்கிறது. மகளின் கல்லூரிக்கு ஃபாஃப்சா (அமெரிக்க மத்திய அரசின் மாணவர் நிதியுதவிக்கான விண்ணப்பப் படிவம்) நிரப்பிப் பயன் உண்டா?

நிரப்புங்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். "நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போகிறார்கள்" என்று மனைவி சொன்னாள், நானும் தலையாட்டிவிட்டு அக்டோபர், நவம்பரை ஓட்டிவிட்டேன். இவ்வளவு சம்பளத்துக்கு மேல் வாங்குபவர் விண்ணப்பிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பெல் கிராண்ட் (திருப்பிக் கட்டத் தேவையில்லாத மத்திய அரசு உதவி) கிடைக்காமல் போகலாம், எங்களுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் முதல் வருடம் மாணவர் பெயரிலேயே 5,500 டாலர் வரை தரும் மத்திய அரசுக் கடனுக்கு வருமானம் தடையில்லை. அதற்கும் இந்தப் படிவம் வேண்டும். பல கல்லூரிகள் தங்கள் சொந்த உதவித்தொகைக்கும் இதைத்தான் கேட்கின்றன.

(ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: பார்ப்பது பிள்ளையின் குடியுரிமை, விசா நிலையைத்தான். பிள்ளை இங்கே பிறந்த சிட்டிசன் என்றால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஹெச்4 என்ற குடும்ப விசாவில் இருக்கும் பிள்ளைக்கு மத்திய உதவி கிடையாது.)

எனக்குச் சிக்கல் வந்தது வருமானத்தில் இல்லை, பெயரில். பிள்ளைக்கு ஒரு கணக்கு, பெற்றோருக்குத் தனியாக ஒரு கணக்கு தொடங்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்தால் ஒருவர் போதும். டிரைவிங் லைசென்ஸில் இருப்பதுபோல் பெயரை அடித்தேன். சோஷியல் செக்யூரிட்டி கார்டிலோ (அரசு தரும் அடையாள எண் அட்டை) அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால். கார்டு வாங்கிய காலத்தில் அதை யார் பார்த்தார்கள்? இனிஷியலை விரித்து எழுதப்போய் நம் ஆட்களுக்கு வரும் வினை இது. விவரம் பொருந்தவில்லை என்று வந்ததும், பிறந்த தேதியை மூன்று முறை சரிபார்த்தேனே தவிர பெயரைச் சந்தேகிக்கவே இல்லை. கார்டைத் தேடி எடுத்து, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அடித்த பிறகுதான் சரியானது. அதற்குள் ஒரு வாரம் போய்விட்டது.

வரி விவரங்களை வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடமிருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்பார்கள். அதை மறுத்தால் மத்திய உதவி எதுவும் வராது. மகள் தன் பகுதியை முடித்தால் மட்டும் போதாது, நீங்களும் கையெழுத்திட வேண்டும்.

சொத்துப் பகுதியில் பலர் தேவையில்லாததை எழுதிவிடுகிறார்கள். குடியிருக்கும் வீடும் 401கே ஓய்வுக்காலச் சேமிப்பு இருப்பும் அங்கே வராது. ஊரில் வாங்கிப் போட்ட மனை வரும், மறைக்காதீர்கள். மகள் பெயரில் சேமிப்பு இருந்தால் அதில் 20 சதவீதத்தைக் கணக்கில் எடுப்பார்கள், பெற்றோர் சேமிப்பில் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான். கடைசியில் எஸ்ஏஐ (உதவியைக் கணக்கிடக் கல்லூரி பயன்படுத்தும் குறியீடு) என்று ஓர் எண் வரும். அதைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம், அது நீங்கள் கட்ட வேண்டிய தொகை இல்லை.

அப்புறம் இன்னொன்று. இந்தப் படிவம் பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தை. 2026-27 கல்வியாண்டுக்கு 2024-ன் வரிக் கணக்கு. மகள் இரண்டாம் வருடம் படிக்கும்போது எனக்கு லேஆஃப் ஆனது, படிவத்திலோ நான் நல்ல சம்பளக்காரன். கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு லேஆஃப் கடிதத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் அனுப்பி, மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்டோம். இதற்கு அவர்களுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் நாம் கேட்காமல் செய்ய மாட்டார்கள். ஆறு வாரம் கழித்துக் கல்லூரியின் சொந்த நிதியிலிருந்து ஒரு தொகை வந்தது. பெரிய தொகை இல்லை, புத்தகமும் ஹாஸ்டல் சாப்பாடும் ஓடியது. முதல் வருடம் 'நமக்கு வராது' என்று படிவத்தையே விட்டிருந்தால், அன்றைக்கு ஒன்றுமில்லாமல் போய் நின்றிருப்போம்.

படிவத்துக்குக் கட்டணம் கிடையாது, நிரப்பித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். வருடா வருடம் புதிதாகப் போட வேண்டும். அடுத்தது மகனுக்கு, இந்த முறை சோஷியல் செக்யூரிட்டி கார்டை மேசையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் லேப்டாப்பையே திறந்தேன்.