கடலுக்குப் போகும் மதுரைக்காரர்களுக்குச் சுனாமி பற்றி: கேள்வி பதில்

மதுரையில் கடல் இல்லை. ஆனால் திருச்செந்தூர், ராமேஸ்வரம், வேளாங்கண்ணி என்று வேன் பிடிக்காத தெரு நம் ஊரில் இல்லை. 2005-ல் நாகப்பட்டினம் பக்கம் நிவாரண வேலையில் எட்டு மாதம் இருந்தேன். அங்கே கற்றதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

மதுரைக்குச் சுனாமி வருமாண்ணே? (செல்லூர்)

வராது. கடலிலிருந்து 90 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, கடல்மட்டத்துக்கு 100 மீட்டருக்கு மேலே இருக்கிறோம்.

அடுத்த வாரம் குடும்பத்தோட திருச்செந்தூர் போறோம். ஏதாவதுன்னா எந்தப் பக்கம் ஓடுறது? (மேலூர்)

மேற்கே. அந்தக் கோயிலுக்கு ராஜகோபுரம் மேற்கே இருக்கிறது, கடல் கிழக்கே. குளித்துக்கொண்டிருந்தால் அப்படியே ஈரத்துணியோடு கோபுரத்தைப் பார்த்து நடங்கள். அதையும் தாண்டி ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் போய்விடுங்கள். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் உறுதியான கான்கிரீட் கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கு ஏறட்டும். வேனைத் தேடிப் போகாதீர்கள். எல்லா வண்டியும் ஒரே வாசலில் மாட்டும். விட்டுவந்த பையை எடுக்கவும் திரும்பாதீர்கள்.

இன்னொன்று. பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்பதை வேனை விட்டு இறங்கும்போதே பேசிவிடுங்கள். நாகையில் ஒரு அம்மா சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "மகனைத் தேடி மறுபடி கரைக்குப் போனேன். அவன் அதுக்கு முன்னாடியே வேற சந்துல ஓடியிருந்தான்." இரண்டாவது அலை அவரை ஒரு தென்னையில் கொண்டுபோய் மோதியது. உயிர் பிழைத்தார். அவரோடு திரும்பிய தங்கை பிழைக்கவில்லை.

தனுஷ்கோடி அரிச்சல்முனையில மேடே இல்லையே, என்ன பண்றது? (திருப்பரங்குன்றம்)

நல்ல கேள்வி. இருபுறமும் கடல், நடுவில் ஒற்றைச் சாலை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரை 9.5 கிலோமீட்டர். அங்கே மட்டும்தான் வண்டியை நம்பச் சொல்வேன். ராமேஸ்வரம் பார்த்துத் திருப்பி நிறுத்துங்கள், டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது. எச்சரிக்கை இருக்கும் நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது சுனாமி இல்லை, புயல். இரண்டையும் குழப்பாதீர்கள்.

வைகையில வெள்ளம் வந்தா? (ஆரப்பாளையம்)

அது தனிப் பாடம். வைகை அணையில் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மூன்றாவது வந்தால் கரையில் நிற்காதீர்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் பேசுங்கள்.

எங்க மாமா திருச்செந்தூர்ல கடை வச்சிருக்கார். அமாவாசை, பவுர்ணமிக்குக் கடல் உள்வாங்குறது சகஜம்ங்கிறார். உள்வாங்கினா ஓடுன்னா மாசம் ரெண்டு தடவை ஓடணுமே? (உசிலம்பட்டி)

மாமா சொல்வது சரி. ஏற்றவற்றத்தில் தண்ணீர் மணிக்கணக்கில் மெல்ல இறங்கும், பழகியவருக்கு நேரம் தெரியும். சுனாமியில் சில நிமிடங்களில் இழுத்துவிடும். தரையில் மீன் துள்ளும். ஆனால் அந்த வேறுபாடு மாமாவுக்குத் தெரியும், உசிலம்பட்டியிலிருந்து ஒருநாள் வந்தவருக்குத் தெரியாது. தெரியாதவர் நடந்துவிடுவதே நல்லது. தவறாகப் போனால் அரைமணி நேரம்தான் நட்டம்.

அப்போ உள்வாங்கலைன்னா பயமில்லைதானே? (அதே மாமாவின் மருமகன்)

அப்படி இல்லை, பயம் உண்டு! இதைத்தான் எல்லாரும் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடித்தளம் பிளந்தபோது தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் பின்வாங்கியது. மேற்கே நம் பக்கம் முதலில் வந்தது ஏறும் அலை. நம் கரையில் பல இடங்களில் பின்வாங்கல் என்ற எச்சரிக்கையே இல்லாமல் தண்ணீர் ஏறியது. உள்வாங்கட்டும் என்று காத்திருந்தால் காத்திருந்த இடத்திலேயே போய்விடுவீர்கள்.

நிலநடுக்கம் தெரியுமே, அப்ப ஓடினாப் போதாதா? (அலங்காநல்லூர்)

அன்று நடுக்கம் காலை 6.29-க்கு. அலை நம் கரைக்கு வந்தது சுமார் இரண்டு மணி நேரம் கழித்து. நடுக்கத்தை உணராதவர்கள் எத்தனையோ பேர். இன்று ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2023-ல் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அது அவசர எச்சரிக்கைக்கான சோதனை. அப்படி அலறினால் அணைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள், படியுங்கள்.

எழுகடல் தெருவில் இருக்கேன். காஞ்சனமாலை நீராட ஏழு கடலும் இங்க வந்துச்சுன்னு சொல்வாங்க. திரும்ப வருமா?

அது பக்தியில் பிறந்த கதை, அழகான கதை. சுனாமி வராது. செல்லூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மதுரைக்குச் சுனாமி... (வில்லாபுரம்)

வராது. தயவுசெய்து இதை விட்டுவிட்டு, போகும் இடத்தைப் பற்றிக் கேளுங்கள்.

முதல் அலை போனதும் பொருளை எடுத்துக்கலாமா? (திருமங்கலம்)

கூடாது. அடுத்த அலை பத்து நிமிடத்திலும் வரும், ஒரு மணி நேரத்திலும் வரும். முதலாவதைவிடப் பெரிதாகவும் இருக்கும். அதிகாரிகள் சொல்லும் வரை, பல மணி நேரமானாலும், திரும்பாதீர்கள். ஆற்றோரமும் கழிமுகமும் வேண்டாம்; அலை அவற்றின் வழியே வெகுதூரம் உள்ளே வரும்.

அம்மாவுக்கு 80 வயசு, நடக்க முடியாது. வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போகலாமா? (கோரிப்பாளையம்)

தாராளமாகக் கூட்டிப் போங்கள். கடற்கரையை ஒட்டிய லாட்ஜ் வேண்டாம். ஊருக்குள் மேற்கே தள்ளி, கான்கிரீட் கட்டடத்தில் மூன்றாம் மாடியிலோ அதற்கு மேலோ அறை எடுங்கள். கரண்ட் போனால் லிஃப்ட் நிற்கும், அதனால் அம்மாவைத் தூக்கி ஏற இரண்டு பேர் எப்போதும் கூடவே இருக்கட்டும்.