கார்பன் பூச்சைப் படித்தால் வேலை கிடைக்குமா?

ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. எம்.டெக். முடித்த பெண், 'திரவங்களில் கார்பன் மென்படலப் பூச்சுகளின் உராய்வும் தேய்மானமும்' என்று ஒரு தலைப்பில் பிஎச்.டி. சேரப் போகிறேன் என்று நிற்கிறாள். உங்கள் மைத்துனரோ, ஐ.டி. கம்பெனிக்கு அனுப்பாமல் இது என்ன வேண்டாத வேலை என்கிறார். நடுவில் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது.

கோவையில் மோட்டார் பட்டறை நடத்துகிறவருக்கு இந்தத் தலைப்பு அந்நியமே அல்ல. தண்ணீர் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாரைப் பிரித்தால் அடியில் த்ரஸ்ட் பேரிங் இருக்குமே, அதிலுள்ள கார்பன் தட்டை நினைத்துப் பாருங்கள். கீழ்நோக்கி வரும் பளு முழுவதையும் அதுதான் தாங்குகிறது. அதற்கு எண்ணெய் கிடையாது, வெறும் தண்ணீர்ப் படலம்தான். மணல் வரும் போர்வெல்லில் ஓடிய தட்டில் வரிவரியாகக் கீறல் விழுந்திருக்கும். நகத்தால் வருடியே நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதே கீறலை உங்கள் பெண் நுண்ணோக்கியில் பார்க்கப் போகிறாள். உங்கள் தட்டு மில்லிமீட்டர் கணக்கு. அவளுடைய பூச்சு எஃகின் மேல் ஒன்றிரண்டு மைக்ரான்தான். தலைமுடியே அதைவிட முப்பது நாற்பது மடங்கு தடிமன்.

வைரம் போன்ற கார்பன் என்ற பொருளில் இதை டி.எல்.சி. என்பார்கள். கார் எஞ்சினின் பிஸ்டன் பின்னிலும் டீசல் இன்ஜெக்டரிலும் ஏற்கெனவே இருக்கிறது. குணம்தான் பிடிபடாது. ஹைட்ரஜன் கலந்த வகை உலர்ந்த நைட்ரஜனில் வழுக்கிக்கொண்டு ஓடும், ஈரம் பட்டால் முரண்டு பிடிக்கும். ஹைட்ரஜன் இல்லாத வகைக்கோ ஈரம்தான் வேண்டும். தண்ணீருக்குள் வைத்தால் ஊசித்துளை வழியே நீர் இறங்கி, பூச்சும் எஃகும் ஒட்டும் இடத்தை அரிக்கிறது. தேய்வதற்கு முன்பே பூச்சு ஏடு ஏடாகப் பெயர்ந்துவிடும். எஞ்சின் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் ஒரு மாலிப்டினம் கூட்டுப்பொருள், எஃகுக்கு நன்மை செய்துகொண்டே ஹைட்ரஜன் கலந்த டி.எல்.சி.யைத் தின்றுவிடுகிறது. 1990களில் ஜெர்மனியில் நூறு பேர் அளவில் இந்தப் பூச்சுள்ள செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தினார்கள். எட்டரை ஆண்டுக்குள் ஏறத்தாழ பாதி பழுதாயின. ஆய்வகத்துத் தண்ணீர் வேறு, உடம்புக்குள் புரதம் கலந்து ஊறும் நீர் வேறு.

இனி வேலை விஷயம். உராய்வியல், அதாவது டிரைபாலஜி என்ற சொல்லே 1966இல் பிரிட்டனில் வந்ததுதான். அந்தப் பெயரில் ஆள் தேவை விளம்பரம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். மேற்பரப்புப் பூச்சு, தயாரிப்புச் சோதனை, பழுது ஆய்வு என்ற பெயர்களில்தான் இந்த வேலை ஒளிந்திருக்கிறது. பம்ப், மெக்கானிக்கல் சீல், வாகன உதிரிபாகம், மருத்துவக் கருவி என்று தேடுங்கள். அரசு ஆய்வகம் என்றால் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், புதுப்பொருள்களை ஆராயும் ஐதராபாத் ஏ.ஆர்.சி.ஐ. இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் முதல் ஐந்தாறு ஆண்டுகள் பின்தங்கித்தான் இருப்பாள். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஜே.ஆர்.எஃப். என்ற அரசு ஆய்வு உதவித்தொகைத் தகுதியோடு சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அது இல்லாமல் சேர்வதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

என் கவலை தலைப்பைப் பற்றியதே அல்ல, ஆய்வகத்தைப் பற்றியது. நான் அனுப்பிய ஒரு மாணவன், பூச்சு போடும் இயந்திரம் இல்லாத கல்லூரியில் சேர்ந்து, வெளியிலிருந்து மாதிரிகள் வருவதற்கே எட்டு மாதம் காத்திருந்தான். விசாரிக்காமல் அனுப்பியது என் தவறு. எனவே சேரும் முன் அவளே நேரில் போய்க் கேட்கட்டும். பூச்சு அங்கேயே போடுகிறார்களா? தேய்மானச் சோதனைக் கருவியில் திரவத்தொட்டி உண்டா, இல்லை உலர்சோதனை மட்டும்தானா? பூச்சிலுள்ள கார்பனின் அமைப்பைக் காட்டும் ராமன் நிறமாலைமானிக்கு எத்தனை நாள் வரிசை? முன்பு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

போகும்போது பட்டறையில் கிடக்கும் தேய்ந்த கார்பன் தட்டு ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். வழிகாட்டியாக வரப்போகிறவர் அதை வாங்கி வெளிச்சத்தில் புரட்டிப் பார்க்கிறாரா, மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்கிறாரா என்று அவள் வந்து சொல்லட்டும்.