டிராகன் வரையப்போகிறவன் எதற்கு மாதக்கணக்கில் இலையும் பறவையும் பார்த்து வரைய வேண்டும்?

“எனக்குக் கற்பனை ஓவியம்தான் பிடிக்கும். ஆசிரியர் இலை, கிளை, பறவை என்று பார்த்து வரைய வைத்தே பொழுதை ஓட்டுகிறார், இது தேவைதானா” என்று கேட்டிருக்கிறீர்கள். தேவைதான். பள்ளியில் பக்கத்து இருக்கைக்காரர்கள் எல்லாம் உங்களிடம்தான் டிராகன் வரைந்து வாங்கியிருப்பார்கள், இப்போது ஒரு இலை முன்னால் உட்கார வைத்தால் அவமானமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன் இல்லை. பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டுக் கண்காட்சியில் என் டிராகன் படம் இருந்தது. செதில் செதிலாக நான்கு மாதம் வரைந்தது. வயதான ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பாராட்டப்போகிறார் என்று நானே பக்கத்தில் போய் நின்றேன். “தம்பி, இதுக்கு எத்தனை தோள்பட்டை?” என்றார். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவராம். “முன்னங்காலுக்கு ஒண்ணு இருக்கு. இறக்கைய எதுல மாட்டியிருக்கு?”

“சார், இது கற்பனை.”

“சரி தம்பி, கற்பனைதான். அந்தக் கற்பனையில எங்க மாட்டியிருக்கு?”

பதில் இல்லை. மாட்டு டாக்டருக்கு ஓவியம் எங்கே தெரியப்போகிறது என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் படம் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றபோது அந்த இறக்கை மட்டும்தான் கண்ணில் பட்டது. முதுகில் ஒட்டிய காகிதம்.

அப்புறம் ஒருநாள் மொட்டை மாடியில் ஒரு வௌவால் செத்துக் கிடந்தது. (கையுறை போட்டுத்தான் தொட்டேன், நோய்த்தொற்று பற்றிப் பாடம் எடுக்க வராதீர்கள்.) இரண்டு மாலை அதை வரைந்தேன். மூன்றாம் நாள் நாற்றம் விடவில்லை. வௌவாலின் இறக்கை என்பது அதன் கைதான். நீண்ட நான்கு விரல்களுக்கு நடுவே தோல் விரிந்து, பின்னங்கால் வரை இறங்குகிறது. கட்டைவிரல் மட்டும் நகத்தோடு வெளியே நிற்கிறது. எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் விஷயம்தான். ஆனால் இறக்கையை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தபோது கண்டதை நான் எந்த டிராகன் படத்திலும் கவனித்ததில்லை. தோல் செம்பழுப்பாக ஒளிர்ந்தது, எலும்புகள் கறுத்தன, நடுவில் ரத்தக் குழாய்கள் கிளை பிரிந்து ஓடின. என் டிராகனுக்கோ சூரியன் பின்னால் இருந்தும் இறக்கை தார்ப்பாய் மாதிரி ஒரே நிறம்.

அடுத்த படத்தில் முன்னங்கால்களை எடுத்துவிட்டேன். இருப்பது ஒரு ஜோடி தோள், அதில் இறக்கை. தரையில் அது எப்படி நடக்கும்? வௌவால் மாதிரியே, இறக்கையை மடக்கி மணிக்கட்டை ஊன்றி. (இரண்டு கால் டிராகனுக்கு வைவர்ன் என்று தனிப்பெயர் உண்டு என்று திருத்த வருபவர்களுக்கு: தெரியும்.) அந்த நடை என் தலையில் உதித்ததில்லை, வௌவால் கொடுத்தது. கற்பனை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது முழுக்க, மற்றவர்கள் வரைந்த டிராகன்களின் ஞாபகம்தான்.

“ஜெர்மன் ஓவியர் டூரர் பார்க்காமலே காண்டாமிருகம் வரையவில்லையா” என்று யாராவது வருவீர்கள். வரைந்தார், 1515-ல். போர்ச்சுகலின் லிஸ்பனில் வந்திறங்கிய விலங்கு பற்றிய வர்ணனையும் ஒரு கோட்டுப்படமும்தான் அவர் கையில் இருந்தன. தோல் மடிப்பு போர்க்கவசமானது, முதுகில் இல்லாத குட்டிக் கொம்பு முளைத்தது. ஐரோப்பா அதைப் பதினெட்டாம் நூற்றாண்டு வரை நம்பியது. ஆனால் அதே கைதான் 1502-ல் முயலையும் 1503-ல் வெறும் புல்கற்றையையும் உட்கார்ந்து பார்த்து வரைந்திருந்தது. பொய்யை அத்தனை நம்பும்படி வரைய அந்தப் புல்கற்றை தேவைப்பட்டது என்பது என் கட்சி. மோனாலிசா வரைந்த லியோனார்டோவும் டிராகனுக்கு வழி சொல்லியிருக்கிறார்: வேட்டைநாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது, ஆமையின் கழுத்து. கனவு மாதிரிப் படங்கள் வரைந்த ஸ்பெயின் ஓவியர் டாலியை இழுக்காதீர்கள். 1931-ல் வரைந்த உருகும் கடிகாரங்களுக்குப் பின்னால் நிற்பவை அவருக்குப் பழக்கமான கடற்கரைப் பாறைகள்.

இதற்காக மிருகக்காட்சி சாலையிலேயே குடியிருக்கவும் வேண்டாம். எலும்பு எலும்பாகச் சரிபார்த்து நான் வரைந்த ஒரு கடல்கன்னி, கண்ணாடிப் புட்டியில் ஊறவைத்த மாதிரி உயிரில்லாமல் போனாள். ஆசிரியர் இலை கொடுத்தால் காம்பு கிளையில் சேரும் இடத்தைப் பாருங்கள். நாளைக்கு நீங்கள் எதன் முதுகில் எதை ஒட்டினாலும் அந்த இடம் உதவும்.

இவ்வளவு பார்த்து என்ன கண்டேன் என்று கேட்டால், அதுவும் ஒரு கதை. அந்த இரண்டாவது டிராகனை ஒரு பதிப்பகம் அட்டைக்கு வாங்கியது. வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று மூன்று வாரம் மண்டையை உடைத்திருந்தேன். அச்சில் பார்த்தால் படத்தையே இடவலமாகத் திருப்பிவிட்டார்கள், கீழே என் கையெழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் கிடக்கிறது. தலைப்பு வேறு சரியாக அந்தத் தோள்மேல். போன் போட்டுக் கேட்டால், “டிராகன்தானே சார், எந்தப் பக்கம் பார்த்தா என்ன?” மீதிப் பணம் இன்னும் வரவில்லை.