சுமாரான மதிப்பெண்ணும் கலந்த வகுப்பறையும்

அன்புள்ள ஐயா,

வர்ஜீனியாவின் மலைப்பக்கச் சிற்றூர் ஒன்றில் குடியிருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அவள் வகுப்பில் இந்திய முகம் அவள் ஒருத்திதான். வரலாற்றுப் பாடத்தில் இந்தியா வந்தால் வகுப்பே திரும்பித் தன்னைப் பார்க்கிறது என்கிறாள். கல்லூரியிலாவது எல்லா இனத்துப் பிள்ளைகளோடும் கலந்து படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் மதிப்பெண் சுமார்தான், ஜி.பி.ஏ. என்ற மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.0. தரவரிசையில் முதல் ஐம்பதுக்குள் வராத கல்லூரியின் பெயரே இங்குள்ள தமிழ் நண்பர்கள் வாயில் வருவதில்லை. விண்ணப்பத்தில் ஆசியர் என்று குறித்தால் தள்ளிவிடுவார்கள் என்றும் பயமுறுத்துகிறார்கள். என் மனைவியோ, கறுப்பின மாணவர்கள் அதிகமுள்ள நகரக் கல்லூரி பாதுகாப்பில்லை, வேண்டாம் என்கிறார். ஒரு வழி சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கும் அந்த 3.0, உங்கள் மகளின் ஆசைக்குக் குறுக்கே நிற்கவில்லை. விண்ணப்பிக்கும் நூறு பேரில் பத்துப் பேரைக்கூடச் சேர்க்காத கல்லூரிகள் அமெரிக்காவில் மிகச் சிலவே. நம்மவர்கள் பேசுவதெல்லாம் அவற்றைப் பற்றித்தான். நான்காண்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவை, விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. பல இனத்தவரும் கலந்து படிக்கும் வகுப்பறைகள் அதிகம் இருப்பது இவற்றில்தான், அதிலும் பெருநகரங்களை ஒட்டிய அரசுப் பல்கலைக்கழகங்களில். குடியேறிகள் பிழைப்புத் தேடி வந்து தங்கிய ஊர்களில் அவை இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்ப் படித்துவிட முடிகிறது. நியூஜெர்சியின் நெவார்க் நகரிலுள்ள ரட்கர்ஸ் வளாகம், நாட்டிலேயே இனக்கலப்பு மிகுந்த பல்கலைக்கழகம் என்று ஆண்டுக்கணக்கில் ஒரு பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. தரவரிசையை மனப்பாடமாக ஒப்பிக்கும் உங்கள் நண்பர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் நீங்கள் நியூஜெர்சிக்கு அலைய வேண்டியதில்லை. வெளிமாநிலத்தவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இரண்டு மடங்கு, அதற்கு மேலும் கட்டணம் வாங்குகின்றன. வர்ஜீனியாவிலேயே ஃபேர்ஃபாக்ஸில் ஜார்ஜ் மேசன், ரிச்மண்டில் வர்ஜீனியா காமன்வெல்த், நார்ஃபோக்கில் ஓல்ட் டொமினியன் என்று மூன்று இருக்கின்றன. மூன்றிலும் வெள்ளை மாணவர்கள் பாதிக்கும் குறைவு. மூன்றுமே விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்பவை.

என்னைக் கேட்டால் முதலில் மேசனைப் போய்ப் பாருங்கள் என்பேன். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் முகமே அந்த வளாகத்தில் தெரியும். பக்கத்து அனன்டேல் கொரியர்களின் ஊர். ஃபால்ஸ் சர்ச்சிலுள்ள ஈடன் சென்டர் முழுக்க வியட்நாமியக் கடைகள். எல் சால்வடாரிலிருந்து வந்த குடும்பங்களும் எத்தியோப்பியர்களும் சுற்றிலும் வாழ்கிறார்கள். தமிழர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மதிய வேளையில் ஜான்சன் சென்டரின் உணவுக் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். யார் யாரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள் என்று உங்கள் மகளே பார்க்கட்டும். எண்ணிக்கையில் எல்லா இனமும் இருந்து, மேசைகள் மட்டும் இனவாரியாகப் பிரிந்து கிடக்கும் கல்லூரிகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் அவளுக்கு இந்தியப் பெண்களின் மேசை ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். அவள் கேட்பது அதுவல்லவே.

மேசனில் ஒரு குறையும் உண்டு. மாணவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்து போகிறவர்கள். தொலைவிலிருந்து வந்து விடுதியில் தங்கும் பெண்ணுக்கு வாரக் கடைசி வெறிச்சோடித் தெரியலாம். வெள்ளிக்கிழமை போனால் ஒரு இரவு அங்கே தங்கி, சனிக்கிழமையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கல்லூரிகள் வீட்டுக்கு அனுப்பும் பளபளப்பான கையேட்டுப் படங்களை நம்பாதீர்கள். 2000ஆம் ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் தன் விண்ணப்பக் கையேட்டின் அட்டையில் கால்பந்து ஆட்டம் பார்க்கும் மாணவர் கூட்டத்தைப் போட்டது. அத்தனையும் வெள்ளை முகங்கள், நடுவில் ஒரு கறுப்பின இளைஞர். பிறகுதான் தெரிந்தது, வேறொரு படத்திலிருந்து அவர் தலையை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஆட்டத்துக்கு அவர் போகவே இல்லை. இன்று வெட்டி ஒட்டும் சிரமம்கூட வேண்டாம். இருக்கிற நான்கு பேரையே எல்லாப் படத்திலும் நிற்க வைத்தால் போதும்.

படத்துக்குப் பதிலாக, கல்லூரிகள் தங்கள் மாணவர் விவரங்களை வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தைப் படியுங்கள். கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதன் பி பிரிவில் இனவாரி மாணவர் எண்ணிக்கையும், சி பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் எந்த ஜி.பி.ஏ. அடுக்கில் இருந்தார்கள் என்பதும் இருக்கும். 3.0 வாங்கியவர்கள் அங்கே எத்தனை பேர் என்று தெரிந்துவிட்டால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். ஒரு எச்சரிக்கை: மாணவர் விசாவில் வந்தவர்களை இனவாரிக் கணக்கில் சேர்ப்பதில்லை, வெளிநாட்டவர் என்று தனி வரியில் போட்டுவிடுவார்கள். ஹைதராபாத்திலிருந்து வந்த மாணவர் அந்தக் கணக்கில் ஆசியர் அல்லர். உங்கள் மகள் ஆசியர். அவளோடு சீன, வியட்நாமிய, லாவோஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த மாங் இனக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதே ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

அதோடு நின்றுவிடாமல், அரசின் காலேஜ் நேவிகேட்டர் தளத்தில் பட்டம் முடித்தவர்களின் விகிதத்தையும் இனவாரியாகப் பாருங்கள். எல்லாரையும் சேர்த்துக்கொண்டு பாதி வழியில் பாதிப் பேரைத் தொலைக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. முதலில் வெளியேறுவது பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள். அவர்களில் கறுப்பினத்தவரும், லத்தீன் அமெரிக்க வழிவந்த ஹிஸ்பானியரும் அதிகம். மாறாக, அட்லாண்டாவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இவ்விரு இனத்தவரும் வெள்ளை மாணவர்களுக்குக் குறையாத விகிதத்தில் பட்டம் பெறுகிறார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. 2012 முதல் ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண்ணையும் பாடத் தேர்வையும் கணினி வழியே கண்காணித்து, எங்காவது சறுக்கினால் ஆலோசகர் உடனே கூப்பிட்டுப் பேசுகிறார். கட்டணத்தில் சில நூறு டாலர் பாக்கி நின்றதால் பெயர் நீக்கப்படவிருந்த மாணவர்களுக்கு அந்தச் சிறு தொகையைக் கொடுத்துப் படிப்பைத் தொடர வைத்தார்கள். சுமாரான மதிப்பெண்ணோடு போகும் பிள்ளைக்குத் தேவை இப்படிப்பட்ட ஆலோசகர்தான். எந்தக் கல்லூரிக்குப் போனாலும், ஒரு ஆலோசகருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். பதிலுக்கு மழுப்பினால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை மேசனில் நேரடியாக இடம் கிடைக்காவிட்டால் வடக்கு வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 2018இல் தொடங்கிய அட்வான்ஸ் திட்டத்தில், முதலில் அங்கே படித்து உரிய மதிப்பெண்ணோடு முடித்தால் மேசனில் தொடரலாம். செலவும் குறைவு. நம் திருமண மண்டபங்களில் இதைச் சொல்லத்தான் கூச்சப்படுவார்கள்.

ஆசியர் என்று குறிப்பதைப் பற்றி: உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஹார்வர்டையும் வட கரோலினா பல்கலைக்கழகத்தையும் எதிர்த்தது. 2023 ஜூனில் தீர்ப்பு வந்தபின் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கவே கூடாது. பெரும்பாலோரைச் சேர்க்கும் கல்லூரிகளுக்கும் அந்தச் சண்டைக்கும் எப்போதுமே தொடர்பு குறைவு. தன் வாழ்க்கையை இனம் எப்படித் தொட்டது என்று மாணவர் கட்டுரையில் எழுதுவதற்கு அந்தத் தீர்ப்பிலேயே தடையில்லை. வகுப்பே திரும்பிப் பார்த்த கதையை உங்கள் மகள் எழுதட்டும். நல்ல கட்டுரை அது.

இனி உங்கள் மனைவியின் கவலை. வளாகக் குற்றங்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது 1990இல் வந்த கிளெரி சட்டம். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். தெருவிளக்கு, இரவுப் பேருந்து, விடுதிக் காவல் எல்லாவற்றையும் கேட்கட்டும். ஆனால் மாணவர்களின் நிறத்தை வைத்து ஆபத்தைக் கணக்கிடுவதை நான் ஏற்க மாட்டேன். உங்கள் மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில், கறுப்பினப் பிள்ளைகளோடு வெள்ளைப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கக் கூடாது என்பதற்காகவே 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளை இழுத்து மூடினார்கள். அதை எதிர்த்து நின்ற கறுப்பின மக்களின் போராட்டக் காலத்தில்தான், 1965இல், நம்மவர்கள் பெருமளவில் இங்கே வர வழிவிட்ட குடியேற்றச் சட்டமும் நிறைவேறியது. சென்னைப் பெண்ணான சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் பட்டம் பெற்றது, கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில். அவரை நம் வீட்டுப் பெண் என்று கொண்டாடியவர்கள் அவர் படித்த இடத்தைக் கண்டு மட்டும் பயப்படுவது எனக்கு விளங்கவில்லை. உங்கள் மகள் எல்லா இனமும் என்றுதான் கேட்டிருக்கிறாள். அதில் யாரையும் கழித்துக்கொண்டு கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அவள் என்ன படிக்க விரும்புகிறாள்? ஓவியம், வடிவமைப்பு என்றால் நான் சொன்ன வரிசை மாறும். ரிச்மண்ட்தான் முதலில் வரும், அதன் கலைப் பள்ளிக்கு நாடளவில் பெயர் உண்டு. கடல் சார்ந்த படிப்பு என்றால் நார்ஃபோக். கணினி என்றால் மேசனே போதும். அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி.