அறை திறக்கும் முன் கையில் எத்தனை பை?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கிறோம். நான், என் கணவர், 11 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 72 வயதான மாமியார் என ஐந்து பேரும் அடுத்த மாதம் சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இலங்கை சென்று திரும்பும் சொகுசுக் கப்பலில் பதிவு செய்திருக்கிறோம். காலை 11 மணிக்கே வந்துவிட வேண்டும் என்கிறார் ஏஜென்ட். ஆனால் அறை 2 மணிக்கு மேல்தான் கிடைக்குமாம். அதுவரை இத்தனை பைகளையும் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது? மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்பவர். எந்தப் பெட்டியையும் பிறர் கையில் கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறார். பைக்கு 500 ரூபாய் கொடுத்தால் நாங்கள் ஏறும் முன்பே அறையில் வைத்துவிட ஏற்பாடு செய்வதாக ஏஜென்ட் கூறுகிறார். கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். ஐந்நூறு மட்டுமல்ல, ஐம்பதும் கொடுக்காதீர்கள். கப்பலின் பணியாள் பட்டியலிலோ பயணிகள் பட்டியலிலோ பெயர் இல்லாத ஒருவர், பையோடு கப்பலுக்குள் ஏறி ஓர் அறையைத் திறந்து வைத்துவிட்டு இறங்கிவர முடியாது. துறைமுகங்களுக்கும் கப்பல்களுக்குமான பன்னாட்டுப் பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நாள் முதல், ஏணிப்படியில் கால் வைக்கும் ஒவ்வொருவரும் கணக்கில் வருகிறார்கள். ஏஜென்ட் செய்யப்போவது என்னவென்றால், உங்கள் பையை வாங்கி, நீங்களே பணமில்லாமல் கொடுக்கக்கூடிய அதே பெட்டி வாங்கும் இடத்தில் கொடுப்பதுதான். அதன்பின் அது மற்றவர்களின் பெட்டிகளோடு ஸ்கேனரில் நுழைந்து, இரும்புக் கூண்டு வண்டியில் ஏறி, பெட்டியில் கட்டியிருக்கும் டேக்கில் உள்ள அறை எண்ணின்படி, மாலை எந்நேரமோ உங்கள் கதவுக்கு வெளியே வந்து நிற்கும். கப்பல்களில் பெட்டி ஏற்றும் பிரிவிலும் பிறகு அறைப் பராமரிப்பிலும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏஜென்ட் பெயரைப் பார்த்து எந்தப் பெட்டியையும் நாங்கள் முன்னால் எடுத்துவைத்ததில்லை, எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் டேக்கில் உள்ள எண் மட்டுமே.

அறை ஏன் காலையிலேயே கிடைப்பதில்லை என்பதையும் யாரும் பயணிகளிடம் சொல்வதில்லை. நீங்கள் ஏறும் கப்பல் அன்று காலைதான் முந்தைய பயணத்தை முடித்துவிட்டுக் கரை சேர்ந்திருக்கும். பழைய பயணிகள் இறங்கி முடிக்கவே 9, 10 மணி ஆகிவிடும். அதன்பின் ஒரு பணியாளர் பதினைந்து அறைகள் போல, விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, குப்பை அகற்றி முடிக்க வேண்டும். பல கப்பல்களில் அந்த நேரத்தில் அறைகளுக்குச் செல்லும் நடைபாதைக் கதவுகளையே மூடி வைத்திருப்பார்கள். கதவைத் தள்ளித் திறந்து, 'பையை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன்' என்று கெஞ்சுபவர்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு இரங்கினால் பின்னால் நூறு பேர் நிற்பார்கள். பெரிய சூட் அறை எடுத்தவர்களின் கதை வேறு, அதை விட்டுவிடுவோம்.

இப்போது உங்களுக்கு மட்டும் பொருந்தும் ஒரு விஷயம். பெங்களூரிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ரயிலில் வந்து இறங்குபவருக்கு வேறு வழியில்லை; அவர் காலையிலேயே துறைமுக வாசலில் நிற்கத்தான் வேண்டும். வண்ணாரப்பேட்டைக்காரர் எதற்காக 11 மணிக்குப் போய்ப் பையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? வீட்டிலேயே மதியச் சாப்பாட்டை முடித்து, மாமியாரைச் சற்றுப் படுக்கவைத்து, ஒன்றரை மணி வாக்கில் துறைமுகத்துக்குள் நுழையும்படி கிளம்புங்கள். சோதனைகள் முடிந்து நீங்கள் கப்பலில் கால் வைக்கும்போது அறைகள் திறந்திருக்கும் அல்லது திறக்கும் தறுவாயில் இருக்கும். உங்கள் கவலை அத்தோடு பாதி தீர்ந்துவிடும். ஏஜென்ட் ஏன் 11 மணி என்கிறார் தெரியுமா? எல்லாருக்கும் 11 மணி என்று சொல்லிவிட்டால் அவர் வேலை பகலுக்குள் முடிந்துவிடும். பயணிகளை நேரம் பிரித்து வரச் சொல்வதற்காகத்தான் இணையப் பதிவில் வருகை நேரம் தேர்ந்தெடுக்கும் வசதியையே வைத்திருக்கிறார்கள். அதை ஏஜென்ட்கள் தாமே நிரப்பி, ஐம்பது குடும்பத்தையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். வரிசை வெயிலில் நீள்கிறது. பிறகு நிர்வாகம் சரியில்லை என்று அவர்களே நம்மோடு சேர்ந்து திட்டுகிறார்கள். உங்கள் பதிவு எண்ணை அவரிடம் கேட்டு வாங்கி, நீங்களே இணையப் பதிவுக்குள் சென்று பிற்பகல் நேரம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணைத் தர மறுத்தால் அந்த ஏஜென்ட்டிடம் அடுத்த முறை போகாதீர்கள்.

ஒரு வரம்பு உண்டு. பயணிகள் பட்டியலைக் கப்பல் புறப்படும் முன்பே அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், ஏறுவதற்கான கடைசி நேரம் புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். உங்கள் சீட்டில் அச்சிட்டிருக்கும் அந்த நேரத்தைப் பார்த்து, அதற்கும் இரண்டு மணி நேரம் முன்னால் துறைமுகத்தில் இருங்கள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தானே என்று எண்ண வேண்டாம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராயபுரம், காசிமேடு பக்கம் வரிசைகட்டி நின்றால் என்ன ஆகும் என்பதை வடசென்னைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாமியார் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அது வேறு கப்பலுக்கான நியாயம். இதே துறைமுகத்திலிருந்து அந்தமான் போகும் கப்பல்களில், அடுக்குப் படுக்கைகள் உள்ள பங்க் வகுப்பில் போனவர்கள் எல்லாப் பெட்டியையும் தாமே தூக்கிச்சென்று தம் படுக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் போலக் காவல் காத்தபடி பயணம் செய்தார்கள். அந்தப் பழக்கம் நம் பகுதிக் குடும்பங்களில் ஊறிவிட்டது. சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பத் தொடங்கிய பிறகும், பலர் அதே நினைவில் ஆறு கட்டைப்பைகளோடு ஏணியேறுகிறார்கள். சொகுசுக் கப்பலில் பெரிய பெட்டியைக் கரையிலேயே கொடுத்துவிடுவதுதான் முறை. கொடுக்கும் முன் அறை எண் அச்சிட்ட டேக்கை இறுகக் கட்டி, பழைய விமான டேக்குகளைக் கிழித்துப் போட்டு, பெட்டிக்கு உள்ளேயும் பெயர், அறை எண், கைபேசி எண் எழுதிய ஒரு தாளை வைத்து, பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டால் போதும். டேக் கிழிந்த பெட்டிகள்தான் அலைகின்றன.

ஆகவே கையில் இருக்க வேண்டியது பெரியவர் இருவருக்கும் தோளில் மாட்டும் பை ஒவ்வொன்று, மாமியாருக்கு மருந்துப் பை ஒன்று, பிள்ளைகளுக்குச் சிறு முதுகுப்பை. அவ்வளவுதான். உருளைப் பெட்டியைக் கைச்சுமையாகக் கொண்டுவராதீர்கள். ஏணியிலும் மின்தூக்கியிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் அது உங்கள் கூடவே வரும், உட்கார இடம் கேட்கும். பாஸ்போர்ட்டுகள், பயணச் சீட்டு, பணம், நகை, கைபேசி, சார்ஜர், பவர் பேங்க், கண்ணாடி, பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடை, நீச்சலுடை ஆகியவை கையில். மற்றவை எல்லாம் பெட்டியில். பாஸ்போர்ட்டைப் பத்திரம் என்று நினைத்துப் பெரிய பெட்டிக்குள் பூட்டி அனுப்பிவிட்ட ஒரு குடும்பத்துக்காக, ஒருமுறை பாதிக் கூண்டுகளை நாங்கள் காலி செய்து தேடினோம். கிடைத்தது; ஆனால் அந்த அம்மாள் குடியேற்ற அதிகாரிகளின் மேசை முன் நின்று அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இங்கேதான் 'கையில் குறைவாக வையுங்கள்' என்ற என் விதி தளர்கிறது. இன்சுலின் எக்காரணம் கொண்டும் கொடுக்கும் பெட்டியில் போகக் கூடாது. அந்தப் பெட்டி கரையில் வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கும், இரவு எத்தனை மணிக்கு வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பேனாவையோ குப்பியையோ பெரும்பாலான வகைகளில் நான்கு வாரம் வரை அறை வெப்பநிலையிலேயே வைத்திருக்கலாம். ஆனால் அறை வெப்பநிலை என்றால் 25, 30 டிகிரி, சென்னையில் மே மாதத்து ஆட்டோவின் பின்னிருக்கை அல்ல. உங்கள் மருந்தின் அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். பலரும் செய்யும் தவறு, பனிக்கட்டியோடு ஒட்டவைத்து எடுத்துவருவது. ஒருமுறை உறைந்துவிட்ட இன்சுலின் கெட்டதுதான். உருகிய பின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. அகன்ற வாய் உள்ள பிளாஸ்க்கில் ஐஸ் பேக்கை அடியில் வைத்து, நடுவே தடித்த துணி மடித்து, அதன்மேல் மருந்தை வைத்தால் பயணத்துக்குப் போதும். விமானத்தில் உள்ள 100 மில்லி விதி கப்பல் ஏறும்போது கிடையாது. ஆனால் ஊசியைப் பார்த்ததும் ஸ்கேனரில் இருப்பவர் கேட்பார், மருத்துவர் சீட்டைக் காட்டினால் விட்டுவிடுவார். அறையில் உள்ள சின்னக் குளிர்பெட்டியை அப்படியே நம்ப வேண்டாம்; பல கப்பல்களில் அது பானத்தைச் சில்லென்று வைக்கும் பெட்டி மட்டுமே, மருந்துக்கான குளிர் அதில் இராது. கப்பல் நிறுவனத்துக்கு இப்போதே மின்னஞ்சல் எழுதி, மருந்துக்கான குளிர்பெட்டி வேண்டும் என்று கேளுங்கள். தருவார்கள், அல்லது கப்பல் மருத்துவமனையில் வைத்துக்கொள்வார்கள். பயன்படுத்திய ஊசிகளைப் போட டப்பாவும் வரவேற்பு மேசையில் கேட்டால் கிடைக்கும். குப்பைக் கூடையில் போட்டால் அறையைத் துப்புரவு செய்பவர் கையில் குத்தும். எனக்குக் குத்தியிருக்கிறது. இன்னொன்று: ஏறும் நாளில் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும். மாமியாரின் பையில் பிஸ்கட் பொட்டலமும் குளுக்கோஸும் இருக்கட்டும். ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வரிசையில் நிற்பது ஆபத்து.

ஒருவேளை சீக்கிரம் ஏற நேர்ந்துவிட்டால், எல்லாரும் ஓடும் மேல்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடாதீர்கள். ஒரு தட்டும் மூன்று பையும் வைத்துக்கொண்டு மேசை தேடுவது தண்டனை. அரங்கம், நூலகம், நடுத்தளத்து அமரும் கூடங்கள் அந்த நேரத்தில் பெரும்பாலும் வெறிச்சோடி இருக்கும். மாமியாரை அங்கே உட்காரவைத்து, பைகளை அவர் காலடியில் ஒன்றாக வைத்து, நீங்களும் கணவரும் மாறி மாறிப் பிள்ளைகளோடு சாப்பிட்டு வாருங்கள். நீச்சல் குளத்தருகே பையை நாற்காலியில் விட்டுப் போகாதீர்கள். திருட்டை விட, கேட்பாரற்ற பை என்று பாதுகாவலர் எடுத்துச்செல்வதுதான் அதிகம். வரவேற்பு மேசையில் பையை வாங்கி வைப்பார்கள் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். ஏறும் இடங்களில் காசு கொடுத்துப் பை வைக்கும் அறை ஒன்று இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. ரயில் நிலையத்தில் எத்தனையோ காலமாக இருக்கும் வசதி, இத்தனை ஆயிரம் கட்டணம் வாங்கும் இடத்தில் ஏன் இல்லை என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது.

ஏஜென்ட்கள் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாஸ்போர்ட்டை 'முன்கூட்டியே செக்-இன் செய்துவிடுகிறேன்' என்று கேட்பார்கள். நகல் போதும், அசலைக் கொடுக்காதீர்கள். கப்பல் நிறுவனத்தின் மேசையில் அதிகாரபூர்வமாக வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவது சில பயணங்களில் உண்டு, அது வேறு. இரண்டாவது, ராஜாஜி சாலையில் வண்டியிலிருந்து இறங்கிய கணமே 'கப்பலா சார், கப்பலா' என்று பெட்டியின் கைப்பிடியைப் பிடிப்பவர்கள். பீச் ஸ்டேஷன் எதிரில் பெட்டியைக் கொடுத்துவிட்டு அவர் பின்னால் கூட்டத்தில் ஓடுவதை விட, வாசலைக் கடந்து, சீருடையும் அடையாள அட்டையும் உள்ள பணியாளரிடம், பெட்டி வாங்கும் இடத்திலேயே கொடுங்கள்.

பெரிய பெட்டியில் இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், சிறு ரைஸ் குக்கர், சூடம், ஊதுபத்தி, தீப்பெட்டி, மெழுகுவத்தி எதுவும் வேண்டாம். நெருப்புக்கு வழிவகுக்கும் எதையும் கப்பல்கள் அனுமதிப்பதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருக்க முடியாது என்று மாமியார் சொன்னால், பேட்டரி விளக்கு பர்மா பஜாரிலேயே கிடைக்கிறது. ஸ்கேனரில் அப்படி ஒன்று தெரிந்தால் பெட்டி மொத்தமும் பாதுகாப்பு அறையில் தங்கிவிடும். நீங்கள் தேடிப் போய், திறந்து காட்டி, அந்தப் பொருளை ஒப்படைத்துவிட்டுத்தான் பெட்டியை வாங்க முடியும்.

அறை கிடைத்ததும் பைகளை வைத்து, மருந்தைக் குளிரில் சேர்த்துவிட்டு, ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று எல்லாப் பயணிகளுக்கும் சொல்லித்தரும் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பைகள் இல்லாமல் போங்கள். இரவு 8 மணி வரை பெட்டி வரவில்லையென்றால் பதற வேண்டாம். முதலில் உங்கள் நடைபாதையின் இரு முனைகளிலும் பக்கத்து அறைகளின் வாசல்களிலும் பாருங்கள், அடுத்து அந்தப் பாதுகாப்பு அறைக்குப் போங்கள். அதன் பிறகுதான் வரவேற்பு மேசை. பெட்டியின் படத்தைக் காட்டினால் கால் மணி நேர வேலை. 'கறுப்பு நிறம், சக்கரம் இருக்கும்' என்றால் அங்கே முந்நூறு பெட்டிகள் அப்படித்தான் இருக்கும்.